கோட்டுப் பையில் போன ஆரஞ்சு

மணி அடிக்க இன்னும் மூன்று நிமிஷம். கரும்பலகையில் நான் எழுதியிருந்த கடைசி வரி தப்பு. மேஜையின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம். எதிரே பத்தொன்பது பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மூன்று பெரியவர்கள்.

"தப்புங்க மேடம்" என்று ஒரு குரல் வர வேண்டும். எந்த நாளும் தவறாமல் வரும் குரல். அன்றைக்கு வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் பனிமூட்டத்தில் மறைந்திருந்தன. பக்கத்து எஸ்டேட் களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையை அவசரமாக அள்ளும் சத்தம் சர், சர் என்று கேட்டது. ஒரு பூஜ்யம் விடுபட்டாலும் எழுந்து நின்றுவிடும் மாரமங்கலத்துப் பழனியம்மா, தன் நோட்டு அட்டையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஏற்காட்டு மலையில் இத்தனை வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களே, ஒரு விருதுகூடவா கிடைக்கவில்லை?" கிடைக்கவில்லை தாயே. கிடைக்க இருந்தது. அது போன விதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் கணக்கு

எழுபதுகளின் கடைசியில் அந்தச் சின்னக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் ஓடு மாற்றி, பெஞ்சு போட்டு வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. கொட்டச்சேட்டிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸிலும் நடந்தும் வருவார்கள். நல்ல பிள்ளைகள். பிரச்சினையே அதுதான், அளவுக்கு மீறி நல்ல பிள்ளைகள்.

முதல் மாதத்தில் ஒரு நாள் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டேன். பஸ் சேலத்திலிருந்து மலை ஏறும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம், இறங்கும்போது முப்பது. போய்வந்த சராசரி வேகம் என்ன? வேண்டுமென்றே 'இருபத்தைந்து' என்று எழுதினேன். ஏறுவதற்கு அதிக நேரம் ஆகிறதே, அந்த மெதுவான வேகத்துக்குத்தானே கனம் அதிகம்? சரியான விடை இருபத்து நாலு. தினமும் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து குடல் புரள வருகிறவர்களுக்கு இது தெரியாதா என்று பார்த்தேன்.

பத்தொன்பது பேரும் இருபத்தைந்து என்று அழகாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டார்கள்!

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும், படிக்கிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். "இது சரியான்னு ஒருத்தருக்குக்கூட தோணலையா?" என்று மேஜையைத் தட்டினேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள் ஒருத்தி எழுந்து, "நீங்க எழுதுனா சரியாத்தானுங்க மேடம் இருக்கும்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளிலிருந்து ஒரு சட்டம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது ஓர் இடத்தில் நான் ஒரு தப்புப் போடுவேன். மணி அடிப்பதற்குள் கண்டுபிடிக்கிறவருக்கு மேஜை மேலிருக்கும் பழம். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தாவிடமிருந்து, என் அப்பாவிடமிருந்துதான், பழம் எடுத்து வருவேன். ஆரஞ்சு இல்லாத மாதங்களில் பேரிக்காய். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அவர்கள் பார்க்க நானே உரித்துத் தின்பேன்.

இரண்டு வாரம் நானேதான் தின்றேன். மூன்றாவது வாரம் பழனியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து, "கோவிச்சுக்காதீங்க மேடம், நாலாவது வரி தப்புங்களாட்ட இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. அப்புறம் என் உயிரை வாங்கிவிட்டார்கள். முக்காடு சரிந்ததை நான் இழுத்துவிட்டுக்கொள்ளும் நேரத்துக்குள் மூன்று கை தூக்கியிருக்கும்.

அவர்களே அதற்குப் பேரும் வைத்தார்கள். நான் வேண்டுமென்று செய்வது 'போட்ட தப்பு'. அறியாமல் செய்வது 'விட்ட தப்பு'. போட்ட தப்புக்குத்தான் பழம். விட்ட தப்பைச் சொன்னால் ஒரு நன்றி, அவ்வளவுதான். "அதுக்கெல்லாம் பழம் குடுத்தா எங்க அத்தா கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தா அடித்த ஆணி

இரண்டு வருஷம் கழித்து, அதே பிள்ளைகள் கடைசி வருஷத்தில் இருந்தபோது, கல்லூரிகளில் கணக்கைச் சிறப்பாகக் கற்பிக்கிற ஓர் ஆசிரியருக்கு விருது என்று பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரின்சிபால் என் பெயரை எழுதி அனுப்பினார். குழு நேரில் வந்து ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும். குளிர்ச்சியான ஊர் என்பதால் எங்கள் கல்லூரியை யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

எனக்கு அந்த விருது வேண்டும் என்று இருந்தது. இதைச் சொல்ல வெட்கம் எதற்கு? வெறியாகவே வேண்டும் என்று இருந்தது. பரீட்சைத் தாள் திருத்தக் கீழே போகும்போதெல்லாம், "மலையில இருக்கற பிள்ளைகளுக்குக் கணக்கெல்லாம் ஏறுதாம்மா?" என்று அங்குள்ள ஆசிரியர்கள் கேட்பார்கள். "உங்களுக்கென்ன, சம்பளத்தோட கோடை வாசம்" என்பார்கள். அந்த வாய்களை ஒரு நாளாவது அடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என்னைவிட அவசரம் அத்தாவுக்கு. கடையில் தராசுக்கு மேலே இருந்த காலண்டரைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிட்டு, அங்கே புதிதாக ஒரு பெரிய ஆணி அடித்து வைத்திருந்தார்.

"எதுக்கு அத்தா இது?"

"விருது வாங்கற போட்டோவை மாட்டறதுக்குத்தான் கண்ணு. வர்றவிய போறவிய கண்ணுல படோணும்ல."

"முதல்ல வரட்டும் அத்தா."

"ஆணி அடிச்சாச்சு. வராம எங்க போகுது?"



இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்திருந்தது. நான் விடுப்பில் இருந்த ஒரு நாள் பிரின்சிபால் என் வகுப்புக்குப் போய், "வர்றவங்க பெரிய மனுசங்க. அவங்க முன்னாடி யாரும் மேடத்தைக் குறுக்க பேசி மானத்தை வாங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரம்

குழுவினர் காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறும் கையில் கொய்யாப் பழமுமாக வந்தார்கள். தலைவர் வயதானவர், நீளமான சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் கண் எதையும் விடாத கண். இரண்டாமவர் மடியில் அச்சடித்த படிவம். அப்போது இன்னும் பனி இறங்கவில்லை; மூன்றாமவர் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பத்தாவது நிமிஷம் தூங்கிப்போனார்.

என் பிள்ளைகளின் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு சுலபமான தப்பாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒன்று, அதோடு அரை, அதோடு மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆகவே மொத்தம் ஓர் எல்லைக்குள் நின்றுவிடும் என்று எழுதினேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு. அந்தக் கூட்டல் எங்கேயும் நிற்காது, எந்த எண்ணைச் சொன்னாலும் தாண்டிப் போகும். முந்தின வாரம்தான் அதை நானே நிரூபித்துக் காட்டியிருந்தேன். படிப்பில் கடைசியாக இருக்கிற பிள்ளைகூடப் பிடித்துவிடும் என்று நினைத்தேன்.

எழுதிவிட்டுத் திரும்பினேன். தலைவரின் புருவம் ஏறியது. படிவக்காரர் பேனாவைத் திறந்தார். பிள்ளைகள் பத்தொன்பது பேரும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் பார்த்துக்கிட்டீங்களா?" என்றேன். "நல்லா பாருங்க" என்றேன். பழனியம்மா நோட்டு அட்டையைப் பார்த்தாள்.

நானே சொல்லியிருக்கலாம். 'இது தப்பு, எங்கே என்று சொல்லுங்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால், மாட்டிக்கொண்டு சமாளிக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம். இவ்வளவு பழக்கியும் வாயைத் திறக்கவில்லையே என்று பிள்ளைகள் மேல் ஓர் ஆத்திரம். இரண்டுக்கும் நடுவில் நின்றேன். மணி அடித்துவிட்டது.

தலைவர் எழுந்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்று பத்தொன்பது குரலும் ஒன்றாக வந்தது. படிவக்காரர் ஏதோ எழுதினார்.

மேஜைப் பக்கம் வந்த தலைவர் என்ன பேசுவது என்று தெரியாமல் பழத்தைப் பார்த்தார். "எடுத்துக்குங்க சார், எங்க மலைப் பழம்" என்று உளறிவிட்டேன். அவர் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பத்தொன்பது ஜோடிக் கண்களும் அந்தப் பைக்குள் போய் நின்றன.

அவர்கள் வெளியேறியதும் நான் வெடித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

பழனியம்மாவின் முகம் வெளுத்தது. "அப்ப அது போட்ட தப்புங்களா மேடம்?"

"பின்னே?"

"பெரியவங்க முன்னாடி நீங்க தப்புப் போடுவீங்களான்னு... பயத்துல தவறி விட்டுட்டீங்கன்னு நெனச்சமுங்க மேடம். நாங்க சொன்னா உங்களுக்கு நொம்ப அவமானமாப் போயிருமேன்னு..."

என்னைக் காப்பாற்றத்தான் பத்தொன்பது பேரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு மேல் யாரைத் திட்டுவது?

கார்க் கண்ணாடி

குடையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினேன். அத்தா கடை வாசலில் பனியில் நனைந்து ஒரு வெள்ளைக் கார். கீழே இறங்குவதற்கு முன் குழுவினர் மிளகு வாங்க நின்றிருக்கிறார்கள். ஊரில் இருப்பதே நாலு கடை. அதில் எங்கள் கடைதானா அகப்பட வேண்டும்!

தலைவர் ஒரு மிளகை வாயில் போட்டுக்கொண்டே, "மேல ஆணி மட்டும் இருக்கே, படம் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

அத்தாவுக்கு இவர்கள் யார் என்று தெரியாது. "படம் இனிமேத்தானுங்க வருது. எம்பட புள்ள இங்க காலேஜ்ல கணக்கு டீச்சருங்க. விருது குடுக்கறாங்களாமுங்க. அதை மாட்டறதுக்குத்தானுங்க அந்த ஆணி."

தலைவருக்கு மிளகு புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே திரும்பியவர் படியில் நின்ற என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து தடதடவென்று செருப்புச் சத்தம். பழனியம்மா, அவளோடு இன்னும் நாலு பேர். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க சார், ஒரு நிமிசமுங்க. மேடம் போர்டுல எழுதுனது தப்புங்க."

"தெரியும்மா" என்றார் தலைவர் மெதுவாக.

"எங்களுக்கும் தெரியுமுங்க."

"அப்ப சந்தேகம் இருக்கான்னு கேட்டப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"சந்தேகம் இல்லீங்க சார். தப்புன்னு நல்லாவே தெரிஞ்சுதுங்க."

படிவக்காரர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "எப்படித் தப்பு, காட்டு" என்றார்.

எழுத எதுவும் இல்லை. பழனியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பனி படிந்திருந்த கார்க் கண்ணாடியில் விரலால் எழுத ஆரம்பித்தாள். ஒன்று, அரை. மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் சேர்ந்தால் ஓர் அரையைத் தாண்டும். அடுத்த நாலு துண்டும் சேர்ந்தால் இன்னோர் அரை. அடுத்த எட்டுக்கு இன்னோர் அரை. "இப்படி அரை அரையா எத்தன வேணும்னாலும் எடுத்துக்கிட்டே போலாமுங்க. அப்புறம் எங்கீங்க நிக்கும்?" முன் கண்ணாடி தீர்ந்து, பக்கத்துக் கண்ணாடிக்கு வந்திருந்தாள். நீர் வழிந்து முதல் வரி அழிய ஆரம்பித்தது.

தூங்கியவர் இப்போது நன்றாக விழித்துக்கொண்டு பார்த்தார்.

"சரிம்மா, உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் தலைவர். "உங்க மேடத்துக்குத் தெரிஞ்சுதான் தப்பா எழுதினாங்கன்னு நான் எப்படி நம்பறது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பழனியம்மா அவருடைய கோட்டைக் காட்டினாள்.

"உங்க பையில இருக்குதுங்களே சார், அந்த ஆரஞ்சு. தப்பைக் கண்டுபுடிக்கறவங்களுக்குன்னுதானுங்க மேடம் அதைக் கொண்டாந்து வெச்சாங்க. தெனமும் வெப்பாங்க. வேணும்னா கடையில கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க, தெனம் ஒண்ணு எடுத்துட்டுப் போகுதுங்க" என்றார் அத்தா, ஒன்றும் புரியாமல்.

தலைவர் பையிலிருந்து பழத்தை எடுத்தார். பிறகு பழனியம்மாவிடம் நீட்டினார். "இது உன்னோடது. தெரியாம எடுத்துட்டுப் போகப் பார்த்தேன்."

என்னிடம் வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "எங்க படிவத்துல வகுப்புல பார்த்ததை மட்டும்தான் எழுதச் சொல்லியிருக்கும்மா. கடைவீதிக்கு அதுல இடமில்ல."

அத்தாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மிளகுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கார் போன பிறகு, "போகட்டும் உடு கண்ணு" என்றார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விருது கீழே வேறொரு கல்லூரிக்கு. ஆணியைப் பிடுங்கிவிடச் சொன்னேன். அத்தா கேட்கவில்லை. தன் பெரிய குடையை அதில் மாட்டினார். "ஆணி ஆணியா இருக்கட்டும். எனக்குக் குடை மாட்ட எடமில்ல" என்றார். அவர் இருந்தவரை அந்தக் குடை அங்கேதான் தொங்கியது.

மறுநாள் காலை

பிரின்சிபால் மேல், அந்தப் படிவத்தின் மேல், தலைவர் மேல் என்று வரிசையாக எனக்குக் கோபம் இருந்தது. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கரைந்துபோனது. வகுப்பில் பார்த்ததை மட்டும் தலைவர் எழுதியது சரிதான். பழம் கிடைக்கும் என்று தெரிந்த தப்பை மட்டும் சொல்லத்தான் நான் பழக்கியிருந்தேன். நான் உண்மையிலேயே சறுக்கிவிட்டேன் என்று நினைத்தபோது அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். விட்ட தப்பை ஒரு சிரிப்போடு தாண்டிப்போனவள் நான்.

இதெல்லாம் பின்னால் யோசித்துச் சொல்வது. குழு வந்துபோன மறுநாள் காலையில் எனக்கு அவ்வளவு புத்தி இல்லை. இரவெல்லாம் புரண்டதில் கண் எரிந்தது. வழக்கம்போல ஒரு பழத்தை மேஜையில் வைத்தேன். பாடம் எடுக்க மனசு வரவில்லை. பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'நேற்று இந்த வகுப்பில் நடந்த தப்பு எது?'

அவர்கள் வாயைத் திறக்காததுதான் தப்பு என்று அவர்களே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். கை கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு பழனியம்மா எழுந்தாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நாங்க பேசலைங்க, அது தப்புதானுங்க. ஆனா நீங்களும் பேசாமத்தானுங்க நின்னீங்க. மணி அடிக்கற வரைக்கும் நின்னீங்க."

வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. கோபம் வருமா என்று நானும்தான் காத்திருந்தேன். வரவில்லை.

"சரி" என்றேன்.

பெஞ்சுவரை நடந்துபோய் ஆரஞ்சை அவள் கையில் கொடுத்தேன். நான் போடாத, விட்ட தப்பு ஒன்றுக்குப் பழம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.